இந்த வயசுல காதல் கதையா?

கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்றைக்கே பெரியம்மா எனக்குப் போன் செய்துவிட்டார்.

"எல்லாம் பளிச்சுனு தெரியுதுடி. காலண்டர்ல ராகுகாலம் வரைக்கும் படிக்கிறேன். அடுத்த தடவை கும்பகோணம் வரும்போது நாலு புஸ்தகம் கொண்டா."

"என்ன மாதிரி புஸ்தகம் பெரியம்மா?"

"காதல் கதை. நல்லதாப் பார்த்துக் கொண்டா."

பெரியம்மாவுக்கு 84 வயது. பெரியப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் எதையும் 'கொண்டா' என்று கேட்டே நாங்கள் யாரும் கேள்விப்படவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், டி.வி. போட்டால் பார்ப்பார், அணைத்தால் எழுந்து போவார். அப்படிப்பட்டவர் கேட்கிறார், அதுவும் காதல் கதை.

வீட்டில் சிரித்தார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியம்மாவின் மூத்த பிள்ளை, எனக்கு அண்ணன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "இந்த வயசுல காதல் கதையாம்மா? கந்த சஷ்டி கவசம் பெரிய எழுத்துல வாங்கி வெச்சிருக்கேனே, அதைப் படிக்கலாமே."

"அது எனக்கு மனப்பாடம்டா. மனப்பாடமானதைப் படிக்கக் கண்ணு எதுக்கு?"

இந்தப் பகுதிக்கு எழுதும் வாசகர்களில் பலர், 'நல்ல காதல் நாவல் நாலு சொல்லுங்களேன்' என்று கேட்டிருக்கிறீர்கள். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் வேறொன்றும் இல்லை, வெட்கம். வரலாற்று நாவல் பற்றி எழுதினால் ஒரு மரியாதை கிடைக்கிறது. சமூக நாவல் என்றால் இன்னும் கொஞ்சம். காதல் நாவல் என்றதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது பாருங்கள், அதற்குப் பயந்தேன். பெரியம்மா பயப்படவில்லை. ஆகவே கடந்த ஆறு மாதமாக அவருக்கு நான் கொண்டுபோன புத்தகங்களையும், அவற்றுக்கு அவர் கொடுத்த தீர்ப்புகளையும் இங்கே சொல்கிறேன். சில இடங்களில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதையும் சொல்கிறேன்.

முதலில் கொண்டுபோனது அகிலனின் 'சித்திரப் பாவை'. தமிழுக்கு முதல் ஞானபீடப் பரிசை வாங்கித் தந்த நாவல், 1975-ம் ஆண்டுக்கான பரிசு. விகடனில் தொடராக வந்தது. ஓவியன் அண்ணாமலையும் ஆனந்தியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். நடுவில் மாணிக்கம் என்பவன் ஆனந்தியை வலுக்கட்டாயமாக முத்தமிட்டுவிடுகிறான். ஒருவன் தொட்டுவிட்டான், இனி அவன்தான் கணவன் என்று அவள் அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். அண்ணாமலைக்கு வேறொரு பெண் மனைவியாக வருகிறாள். நான்கு பேர் வாழ்க்கையும் நார்நாராகிறது.

பெரியம்மா பாதியிலேயே எனக்குப் போன் செய்து திட்டினார். என்னை இல்லை, ஆனந்தியை. "அவன் செஞ்சது போக்கிரித்தனம். அதுக்கு இவ ஏன்டி கழுத்தை நீட்டணும்? போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்க வேண்டியதுதானே?" கடைசி வரை படியுங்கள் பெரியம்மா என்றேன். படித்தார். அந்தத் தாலியை விட்டுவிட்டு ஆனந்தி வெளியே வருகிற இடம் வந்ததும்தான் சமாதானம் ஆனார். "வந்தாளே, அது போதும். ஆனா ரொம்ப லேட்டு."

இன்று படிக்கிற இளம் வாசகிகளுக்கும் ஆனந்தி மேல் இதே எரிச்சல் வரும். வரட்டும். அந்தக் காலத்தில் எத்தனை பெண்கள் அப்படி நம்பவைக்கப்பட்டார்கள் என்பதற்கு அந்த எரிச்சல்தான் சாட்சி. ஒரு எச்சரிக்கை: அகிலன் நடுநடுவே கொஞ்சம் பிரசங்கம் செய்வார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் 'மோகமுள்'.

இதைக் கொண்டுபோகும்போது எனக்கே தயக்கம்தான். தி. ஜானகிராமன் சுதேசமித்திரனில் தொடராக எழுதிய இந்த நாவலைப் பெரியம்மாவின் மாமியார் வீட்டுக்குள் விடவில்லையாம். "பொம்மனாட்டிங்க படிக்கிற கதை இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவங்க மட்டும் எப்படிப் படிச்சாங்கன்னு நான் கேக்கலை." அறுபது வருடத்துக்கு மேல் அதே ஊரில் இருந்துகொண்டு, கதையில் வரும் துக்காம்பாளையத் தெரு வழியாகக் காய்கறி வாங்கப் போய்வந்துகொண்டு, அந்த நாவலைப் படிக்காமலே இருந்திருக்கிறார்.

பாபு என்ற இளைஞனுக்குத் தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனா மேல் வரும் காதல். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான், ஒரு வரியில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்காக யாரும் மோகமுள்ளைப் படிப்பதில்லை. யமுனாவின் அம்மா மராட்டியப் பெண், தஞ்சாவூர்ப் பெரிய மனிதர் ஒருவருக்கு இரண்டாம் மனைவி. அதனாலேயே யமுனாவுக்கு வருகிற வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பிப் போகின்றன. பாபுவுக்குச் சங்கீதம் சொல்லித்தரும் ரங்கண்ணா இருக்கிறாரே, என்னைக் கேட்டால் இந்த நாவலின் உண்மையான கதாநாயகன் அவர்தான். விடியற்காலையில் காதில் விழுகிற ஓசையில் எல்லாம் சுருதி தேடும் மனிதர். அவர் இருக்கிற பக்கங்களை மட்டும் நான் தனியாகப் பலமுறை படித்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் கிழவர் ஒருவருக்கு மனைவியாக வந்த இளம்பெண் தங்கம்மாள். அவள் பாபுவைத் தேடி வருவதும், பிறகு கிணற்றில் விழுந்து உயிரை விடுவதும் கொஞ்சப் பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. படித்தவர்களுக்கு மறப்பதில்லை.

பெரியம்மா மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். தீர்ப்பு என்ன என்று கேட்டேன். பாபுவைப் பற்றியோ யமுனாவைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தத் தங்கம்மா இருந்தாளே, அவளை மாதிரி ஒருத்தி எங்க தெருவுல இருந்தா. கிணத்துலதான் கிடந்தா. கால் தவறி விழுந்துட்டான்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான்னு இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன்."

அதன் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

மோகமுள் படமாகவும் வந்தது, 1995-ல், ஞான ராஜசேகரன் இயக்கத்தில். படம் பார்த்துவிட்டதால் நாவல் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். 20 வயதில் படித்தால் பாபுவின் பக்கம் நிற்பீர்கள். 40-ல் யமுனாவின் பக்கம். எனக்கு இப்போது ரங்கண்ணா பக்கம் போக ஆரம்பித்திருக்கிறது. வயதாகிறது போல.

கனமான புத்தகத்துக்குப் பிறகு லேசாக ஒன்று வேண்டும் என்பதால் 'தில்லானா மோகனாம்பாள்' எடுத்துப்போனேன். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதியது. கோபுலுவின் ஓவியங்களோடு அது வந்த வாரங்களைப் பற்றிப் பழைய வாசகர்கள் இன்னும் கண் மின்னப் பேசுவார்கள். 1968-ல் வந்த படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாவும் என்றாலே நமக்கு சிவாஜியும் பத்மினியும்தான். ஆனால் நாவல் படத்தைவிடப் பல மடங்கு பெரிய கடல். படத்தில் இரண்டு நிமிடம் வந்துபோகிற ஆட்கள் நாவலில் அத்தியாயம் அத்தியாயமாக வாழ்கிறார்கள்.

இதைப் பெரியம்மா சிரித்துச் சிரித்துப் படித்தார். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டு அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாராம். அந்த வார இறுதிக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பேத்தி, போனில் ஆங்கிலக் காதல் கதைகளாகப் படித்துத் தள்ளுகிறவள், பாட்டிக்கு ஜேன் ஆஸ்டினின் கதையைச் சொன்னாள். 1813-ல் எழுதியவர் பெயர் போடாமலே வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. பணமும் திமிரும் நிறைந்த டார்சி, வாயாடி எலிசபெத், முதல் சந்திப்பிலேயே முட்டல். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்ம சிக்கலார் கதைதான். என்ன, அதுல நாயனம் இல்லை" என்றாராம். பேத்தி இதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். மூன்று வருடத்தில் தனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை என்று பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மை.

கல்கியின் 'அலை ஓசை' கொடுத்தேன். லலிதாவைப் பெண் பார்க்க வந்த ராகவன், பக்கத்தில் நின்ற சீதாவைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கட்டிக்கொள்கிறான். அந்தத் தொடக்கம் அருமை. பிறகு அது சுதந்திரப் போராட்டம், பிரிவினை என்று பெரிதாக விரிந்துவிடுகிறது. சாகித்ய அகாடமி பரிசு பெற்ற நல்ல நாவல்தான், ஆனால் காதல் நாவல் பட்டியலில் வைத்தது என் தப்பு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று பெரியம்மாவுக்குக் காட்டினேன். "புரட்டின சத்தமே வரலையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லா.ச.ராவின் 'அபிதா' கொடுத்ததும் தப்பாகிவிட்டது. எனக்கு உயிரான புத்தகம். இளமையில் விட்டுவிட்டு வந்த சகுந்தலையைத் தேடிப் பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்புகிற ஒருவர், அவள் மகள் அபிதாவிடம் அவளைப் பார்க்கிறார். சொல்லுக்குச் சொல் தீ. பெரியம்மா பத்துப் பக்கம் படித்துவிட்டு, "அம்மாவை விரும்பினவன் பொண்ணைப் பார்த்து ஏங்குறதா? கன்னத்துல ரெண்டு கொடுக்கணும்" என்று மூடிவிட்டார். நான் வாதாடினேன். தோற்றேன். நீங்களாவது படித்துவிட்டு என் பக்கம் பேசுங்கள்.

இப்போது நான் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும்.

ஐந்தாவது முறை போனபோது, நான் கொண்டுபோன புத்தகங்களைப் பெரியம்மா தொடவே இல்லை. தலையணைக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் புத்தகங்கள் ஏற்கெனவே இருந்தன. எல்லாம் ரமணிசந்திரன். அருணோதயம் வெளியீடுகள், அட்டை மங்கி, ஓரம் மடங்கி. "எங்கே கிடைச்சுது?" என்றேன். பெரியம்மா கண்ணால் சமையலறையைக் காட்டினார். அண்ணியின் புடவை அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த புத்தகங்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரே, அதே அண்ணிதான். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று மருமகளும், மருமகள் சிரிப்பாளே என்று மாமியாரும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

ரமணிசந்திரனை நான் கல்லூரி நாட்களில் கேலி செய்திருக்கிறேன். 'எல்லாம் ஒரே கதை' என்று சொல்லியிருக்கிறேன். வசதியான வீட்டுக் கோபக்கார இளைஞன், தன்மானம் விட்டுக்கொடுக்காத பெண், நடுவில் ஒரு தப்பான புரிதல், கடைசியில் சுபம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவரை இப்படி ஒரு வரியில் தள்ளிவிட்டு மோகமுள்ளைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அண்ணி அன்றைக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க புஸ்தகத்துல எல்லாம் காதல் கல்யாணத்துக்கு முன்னாடி வருது, இல்லேன்னா கல்யாணத்துக்கு வெளியே வருது. எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அண்ணனைத் தெரியாது. வாசல் கோலத்துல நின்னு ஒரு தடவை பார்த்தேன், அதுவும் பாதி முகம். அப்புறமாத்தான் எல்லாம். இவங்க கதையிலதான் தாலி கட்டினதுக்கு அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுப்போகும். நான் எதைப் படிக்கிறது சொல்லு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவரிடமிருந்தே 'வளையோசை' வாங்கிவந்தேன். பஸ்ஸில் ஆரம்பித்தது, தாம்பரம் வந்ததுகூடத் தெரியவில்லை. அந்தக் கதாநாயகர்களின் கோபத்தை அந்தப் பெண்கள் இவ்வளவு சீக்கிரம் மன்னித்திருக்க வேண்டாம் என்ற வருத்தம் எனக்கு இன்னமும் உண்டு. இன்று எழுதப்படும் கதைகளிலும் அந்தக் கோபக்காரன் அப்படியே உலாவுகிறான், அதட்டினால் அன்பு என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளச் சொல்கிறான். அதைப் படிக்கிற பெண்பிள்ளைகளிடம் அம்மாக்கள் உட்கார்ந்து பேச வேண்டும், புத்தகத்தைப் பிடுங்கக் கூடாது. ஆனால் 'எல்லாம் ஒரே கதை' என்று இனி சொல்ல மாட்டேன்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆனவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்'. நாடக நடிகை கல்யாணியும் பத்திரிகைக்காரன் ரங்காவும் விரும்பி மணந்துகொள்கிறார்கள். நீ இல்லாவிட்டால் நான் இல்லை என்று அழுவதுதான் காதல் என்று அவன் நினைக்கிறான். அவளுக்கு அப்படி அழ வராது. அதனாலேயே பிரிகிறார்கள். பிறகு அவளுடைய கால்கள் செயலிழக்கும்போது அவன் திரும்பி வந்து பார்த்துக்கொள்கிறான். வில்லன் கிடையாது. இரண்டு நல்லவர்கள் ஒரே வீட்டில் இருந்தும் ஏன் பேச முடியாமல் போகிறது என்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன தமிழ் நாவல் எனக்குத் தெரிந்து குறைவு. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முறை படித்துவிட்டு ஒரு காபி குடியுங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

விரும்பியவர் கிடைக்காமல் போனவர்களுக்கு ஒரு புத்தகம் உண்டு. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. சின்ன நாவல்தான், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். மணப்பாடு கடற்கரை, மீனவ மக்கள். பிலோமி சாமிதாஸை உயிராக விரும்புகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். ஆசிட், கத்தி என்று செய்தி படித்துப் படித்து நமக்கு மனது மரத்துப்போயிருக்கிறது இல்லையா? பிலோமி அவனை வெறுக்கவில்லை. சபிக்கவில்லை. தனக்குக் கிடைத்த அன்பு தனக்குக் கிடைத்ததுதான் என்று கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் தோழியின் மகனுக்கு ஒரு கெட்ட சமயத்தில் இதைக் கொடுத்தேன். படித்தானா என்று கேட்கவில்லை. புத்தகம் திரும்பி வரவில்லை, அதையே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

பெரியம்மா இதைப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு நல்ல மனசு" என்றார். பிறகு, "அடுத்த தடவை எது கொண்டுவரப் போறே?" என்று கேட்டார்.

"குறிஞ்சி மலர்" என்றேன்.

"அது வேண்டாம். அது என்கிட்டே இருக்கு."

கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பைண்டு புத்தகம். வீட்டிலேயே தொடர்கதை பைண்டு செய்யும் வழக்கம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பசை தடவி, மேலே காலிகோ துணி ஒட்டி, முதுகில் மசியால் பெயர் எழுதிவைப்பார்கள். கதை இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு ஜோக், ஒரு சோப்பு விளம்பரம். பெரியப்பாவின் கையெழுத்து: 'குறிஞ்சி மலர் - மணிவண்ணன்'. நா. பார்த்தசாரதி அந்தப் பெயரில்தான் கல்கியில் இதை எழுதினார்.

மதுரைக் கதை. தமிழ்ப் பேராசிரியரான அப்பாவை இழந்து, தம்பி தங்கைகளைத் தாங்கி நிற்கும் பூரணி. அச்சகத்தில் வேலை பார்க்கும் அரவிந்தன். பூரணியின் அப்பா எழுதிய புத்தகங்களை அச்சிடப் போகிற இடத்தில் ஆரம்பிக்கிற பழக்கம். இரண்டு பேரும் தொடாமல், சீண்டாமல், லட்சியம் பேசியே காதலிப்பார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றலாம், எனக்கே சில பக்கங்களில் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஆண் பிறந்தால் அரவிந்தன், பெண் பிறந்தால் பூரணி என்று பெயர் வைத்தார்கள். அதில் கும்பகோணத்து வீடு ஒன்று. எங்கள் அண்ணன் பெயர் அரவிந்தன்.

பைண்டைப் புரட்டினேன். கடைசியில் ஏதோ குறைந்தது. கதை நடுவில் நிற்கிறது. அடுத்து அட்டை.

படிக்காதவர்கள் இங்கே இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். குறிஞ்சி மலரில் அரவிந்தன் இறந்துவிடுகிறான். கல்யாணம் நடப்பதில்லை. பூரணி அவன் நினைவோடு வாழ்கிறாள்.

"நான் அப்ப மாசமா இருந்தேன்" என்றார் பெரியம்மா. "பிள்ளை பிறந்தா அரவிந்தன்னு பேர் வைக்கணும்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணியாச்சு. கதையோ முடியலை. கடைசி வாரங்கள் பத்திரிகை வீட்டுக்கு வரவே இல்லை. தபால்ல தவறிடுச்சுன்னார். அப்புறம் கதை முடிஞ்சு போச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு அவரே வாயால சொல்லி முடிச்சார். பைண்டும் அப்படியே பண்ணிக் கொண்டுவந்தார்."

"நீங்க நம்பினீங்களா?"

"ஊரே ஒப்பாரி வெச்சுதுடி. அரவிந்தன் போயிட்டானேன்னு கிணத்தடியில அழுதாங்க. எனக்குத் தெரியாம இருக்குமா? ஆனா அவர் அவ்வளவு சிரமப்பட்டு மறைக்கிறார். தெரியும்னு சொன்னா அவர் முகம் என்ன ஆகும்? அதனால சொல்லலை."

"எத்தனை வருஷமா?"

"கடைசி வரைக்கும். தூர்தர்ஷன்ல தொடரா வந்துதே, ஸ்டாலின் அரவிந்தனா நடிச்சாரே, அப்பக்கூடக் கடைசி வாரங்கள்ல ஆன்டெனா சரியில்லைன்னு மாடிக்குப் போய்த் திருப்பித் திருப்பி வெச்சுட்டிருந்தார். நானும் கீழேருந்து, சரியா வரலை, சரியா வரலைன்னு சொல்லிட்டிருந்தேன்."

அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கந்த சஷ்டி கவசம் படிக்கச் சொன்ன அதே அண்ணன். உள்ளே வந்து பைண்டை வாங்கிப் பார்த்தார். ஓய்வு பெற்ற மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "காலேஜ் லைப்ரரியிலே எடுத்துப் படிச்சேன், பேரு என் பேரா இருக்கேன்னு. செத்துப்போறான்னு தெரிஞ்சதும் ஒரு வாரம் சரியாத் தூங்கலை. உங்ககிட்டே சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லலை. அப்பாகிட்டே சொன்னா வருத்தப்படுவார்னு சொல்லலை."

பெரியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தில்லானா மோகனாம்பாளுக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார். அண்ணி மறுபடியும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சரி, அந்தக் கடைசிப் பக்கங்கள் எங்கடா?"

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பார்மா."

"உங்கப்பாவா? சினிமா டிக்கெட்டுல பாதியைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன் அவர். பரண்ல பாரு."

எனக்குச் சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் செருப்பு மாட்டும்போது அரவிந்தன் அண்ணன் பக்கத்து வீட்டில் ஏணி கேட்டுக்கொண்டிருந்தார்.